மூடியைத் திறந்தால் பினாங்கு!

கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்க்கும்போது வீட்டில் பேச ஆயிரம் விஷயம் இருக்கும். அத்தை கட்டியிருந்த புடவை, நாதஸ்வரக்காரர் ஊதிய சினிமாப் பாட்டு, பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்ட மாமா. அந்த வீடியோ எந்தப் பெட்டிக்குள் இருந்து வெளியே வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்டேன்! அதனால்தான் புக்கிட் செந்தோசா கடை வரிசையில், ஷட்டர் பாதி இறங்கிய ஒரு ஸ்டூடியோவின் பின்னறைக்குள் என்னை விட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களும் வாருங்கள். உள்ளே பெரிய காரியம் ஒன்று நடக்கப் போகிறது. ஒரு பழைய வொர்க்ஸ்டேஷன் கணினியின் இரண்டு ப்ராசசரையும் கழற்றிவிட்டு, அவற்றைவிடப் பலசாலிகளான வேறு இரண்டைப் பொருத்தப் போகிறார்கள்.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ரவாங்கைத் தாண்டி, புக்கிட் பெருந்தோங் வழியில் இறங்கினால் புக்கிட் செந்தோசா. உலு சிலாங்கூர் மாவட்டம். சுற்றிலும் செம்பனை. தோட்டத்தை விட்டு வெளியே வந்து வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு விசேஷம் வந்துகொண்டே இருக்கும். இந்த ஸ்டூடியோவை நடத்திப் படம் பிடிக்கிற அண்ணனுக்குச் சனி ஞாயிறு கிடையாது. பிடித்த படத்தை வெட்டி ஒட்டுகிற கணினிக்கோ திங்கள் செவ்வாய்கூடக் கிடையாது.

இதோ, மேசைக்குக் கீழே இருக்கிறார் நம் கதாநாயகர். எச்பி இசட்800! பெயரைக் கேட்டதுமே சிலருக்குச் சிலிர்த்திருக்கும். 2009ல் வந்த மாடல். பெட்டியின் வடிவமைப்பில் பிஎம்டபிள்யூ கார் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவுக்குப் பங்கு உண்டு. தூக்குவதற்கு மேலேயே கைப்பிடி. பக்கவாட்டுத் தகட்டில் ஒரு பிடியை இழுத்தால் போதும், திருகாணி ஒன்றைக்கூடத் தொடாமல் மொத்தக் கதவும் கையோடு வந்துவிடும். உள்ளே எங்கெல்லாம் கை வைத்து இழுக்கலாமோ அங்கெல்லாம் பச்சை நிறம். பவர் சப்ளைகூட மேசை டிராயர் போல வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. பொறியியல் கம்பெனி ஒன்று அலுவலகத்தைக் காலி செய்தபோது அண்ணன் அள்ளிக்கொண்டு வந்த பெட்டி இது. கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்த இயந்திரம் இப்போது தாலி கட்டும் காட்சியை வெட்டிக்கொண்டிருக்கிறது!

இந்தப் பெட்டியின் விசேஷம் என்னவென்றால், உள்ளே ஒரு மூளை இல்லை, இரண்டு. மதர்போர்டில் இரண்டு சாக்கெட், இரண்டு ப்ராசசர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்கே சொந்தமாக ஆறு மெமரிக் குழி, ஆக மொத்தம் பன்னிரண்டு. வந்தபோது இருந்தவை இன்டெல் சியான் ஈ5520 ஜோடி. ஒவ்வொன்றிலும் நான்கு கோர், 2.26 கிகாஹெர்ட்ஸ். 2009ல் அது ராஜா. ஆனால் கேமரா மாறிப் போச்சே! இப்போது பிடிக்கிற படமெல்லாம் 4கே. ஒரு மணி நேரக் கல்யாணப் படத்தை வெளியே எடுக்கப் பொத்தானை அமுக்கினால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஃபேன் அலறிக்கொண்டு கிடக்கிறது. அண்ணன் புதுக் கணினி விலை விசாரித்தார். தம்பி தலையிட்டார்.

தம்பி யார் என்று சொல்லவில்லையே! பகலில் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்தால் இந்த வட்டாரத்துக் கணினிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். பேச்சு குறைவு, கை சுத்தம். நான் போனபோது அவர் பெட்டியைத் தொடவே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல பூட் பிளாக் தேதி பாக்கணும்ணே. அது சரியில்லன்னா ப்ராசசர் வாங்கி என்ன செய்யறது? சட்டையில குத்திக்க வேண்டியதுதான்."

இதுதான் எனக்குத் தெரியவந்த முதல் ரகசியம், கேட்டதும் துள்ளிவிட்டேன். கணினியைத் தட்டிவிட்டதும் எஃப்10 அமுக்கினால் பயோஸ் திரை வரும். அதில் கணினியின் விவரப் பக்கத்தில் பூட் பிளாக் தேதி என்று ஒரு வரி. மின்சாரம் வந்ததும் மதர்போர்டு முதன்முதலாக ஓட்டுகிற சின்னஞ்சிறு நிரல் அது. மற்ற பயோஸை இணையத்திலிருந்து இறக்கிப் புதுப்பிக்கலாம். இந்தச் சின்னத் துண்டை அப்படிப் புதுப்பிக்க முடியாது, பிறந்தது பிறந்ததுதான். முதலில் வந்த இசட்800 போர்டுகளில் தேதி 30 ஜனவரி 2009 என்று இருக்கும். அவை சியான் 5500 வரிசையை மட்டும்தான் ஏற்கும். 15 ஜனவரி 2010 என்று இருந்தால் அடுத்த தலைமுறையான 5600 வரிசையையும் ஏற்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒரே அச்சு. ஒரு வரிதான் வித்தியாசம், அந்த ஒரு வரியில்தான் எல்லாம்!

அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, தம்பி விரலை வைத்துக் காட்டினார். 15 ஜனவரி 2010. அண்ணி அடுக்களைப் பக்கமிருந்து "என்ன, லாட்டரி அடிச்சிருச்சா?" என்று கேட்டார். அடித்ததுதான்!

அடுத்த கேள்வி, எந்த ப்ராசசர்? 5600 வரிசை 2010ல் வந்தது. இன்டெல் அதற்கு வைத்த உள்பெயர் வெஸ்ட்மியர். முந்தைய தலைமுறையான நெஹாலம் 45 நானோமீட்டர் முறையில் செய்தது, இது 32 நானோமீட்டர். அந்தச் சுருக்கத்தால் நடந்த வித்தையைப் பாருங்கள். நெஹாலம் சியானில் சுமார் 73 கோடி டிரான்சிஸ்டர். வெஸ்ட்மியரில் 117 கோடி, ஆனால் சில்லின் பரப்போ முன்பைவிடக் குறைவு! நான்கு கோர் இருந்த இடத்தில் ஆறு கோர். 8 மெகாபைட் கேஷ் இருந்த இடத்தில் 12. சாக்கெட் அதே எல்ஜிஏ1366, உட்காரும் இடம் மாறவே இல்லை.

உச்சத்தில் இருப்பது எக்ஸ்5690. 3.46 கிகாஹெர்ட்ஸ், 130 வாட். பந்தயக் குதிரை வேண்டும் என்பவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். தம்பி அதை வேண்டாம் என்றார், எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பின்னறையில் மதிய வெயில் நேராகச் சுவரில் அடிக்கிறது. ஏர்கான் வாடிக்கையாளர் உட்காரும் முன்னறையில்தான். பழைய ஈ5520 ஒன்றுக்கு 80 வாட். அதற்கென்று வைத்த ஹீட் சிங்க்கின் தலையில் 130 வாட்டைத் தூக்கி வைப்பது நியாயமா? அவர் தேர்ந்தெடுத்தது எக்ஸ்5675. ஆறு கோர், 3.06 கிகாஹெர்ட்ஸ், வேலை நெருக்கும்போது 3.46 வரை தானாக ஏறும், வெப்பம் 95 வாட்டோடு நிற்கும். இந்த ஊர் வெயிலுக்கு இதுதான் தோது.

இன்னொரு பொறி. டபிள்யூ3690 என்று ஒன்று உண்டு. அதே ஆறு கோர், அதே 3.46, அதே சாக்கெட். கடைக்காரர் ஆசை காட்டுவார். வாங்கி வந்து இரண்டைப் பொருத்தினால் கணினி எழுந்திருக்காது! ஏனென்றால் இரண்டு ப்ராசசரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு தனிப் பாதை வேண்டும். இன்டெல் அதை க்யூபிஐ என்கிறது. எக்ஸ் வரிசையில் இந்தப் பாதை இரண்டு உண்டு, ஒன்று மதர்போர்டின் சிப்செட்டோடு பேச, ஒன்று பக்கத்து ப்ராசசரோடு பேச. டபிள்யூ வரிசையில் ஒன்றே ஒன்றுதான். தனியாக வாழப் பிறந்தது அது.

2011 தொடக்கத்தில் எக்ஸ்5675 வந்தபோது இன்டெல் போட்ட விலை ஒன்றுக்கு 1,440 அமெரிக்க டாலர். இப்போது? உலகம் முழுக்க டேட்டா சென்டர்கள் பழைய சர்வர்களைக் கழித்துக் கட்ட, அவற்றைப் பிரித்து ப்ராசசரைத் தனியாக எடுத்துத் துடைத்து விற்கிறார்கள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் தேடலாம், இணையச் சந்தையில் தேடினால் சீனாவிலிருந்து வீட்டு வாசலுக்கே வரும். ஒரு காலத்தில் ஒரு வங்கியின் கணக்கையோ ஒரு விளையாட்டின் சர்வரையோ சுமந்த சில்லு, பழைய சாமான் விலைக்கு! நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது, சந்தோஷத்தில்தான்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பிளாஸ்டிக் கூட்டுக்குள் இரண்டு சதுரம். பக்கம் நாலரை சென்டிமீட்டருக்குள் அடங்கும். மேலே வெள்ளி நிற உலோக மூடி, அடியில் தங்கப் புள்ளிகள். மூடியில் லேசரால் பொறித்த எழுத்து. தம்பி கைப்பேசி விளக்கை அடித்துச் சாய்த்துப் பிடித்தார். இன்டெல் சியான். எக்ஸ்5675. எஸ்எல்பிஒய்எல். அதன் பக்கத்தில்... மலாய்!

"பாருங்கண்ணே, நம்ம ஊரு சாமான் லா!"

நான் பிடுங்கிக்கொண்டுதான் பார்த்தேன். அந்தச் சொல் அங்கே சும்மா இல்லை, இந்த ப்ராசசர் கட்டிச் சோதித்து முடிக்கப்பட்ட நாடு எது என்பதைச் சொல்கிற முத்திரை அது. மலேசியா! கீழ்வரியில் ஒரு நீளமான எண். அதையும் படிக்கலாமாம். முதல் எழுத்து எந்த ஆலை, அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டு இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம். எல், 1, 17. மலேசியா, 2011, பதினேழாவது வாரம். ஏப்ரல் கடைசி! ஒரு சில்லின் ஜாதகம் மூடியிலேயே இருக்கிறது!

இங்கே கொஞ்சம் பினாங்கு போய் வருவோம், தம்பி துடைப்பதற்குத் துணி தேடட்டும். 1972ல் பினாங்கில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியது. அப்போதைய முதலமைச்சர் லிம் சொங் இயூ கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி அழைத்து வந்தார். முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை 'எட்டு சாமுராய்' என்று இன்றும் சொல்கிறார்கள். அதில் ஒன்று இன்டெல். அமெரிக்காவுக்கு வெளியே அந்தக் கம்பெனி தொடங்கிய முதல் ஆலை அது. ஐந்து ஏக்கர் நிலம், 16 லட்சம் டாலர் முதலீடு, சுற்றிலும் வயல். 1975ல் அந்த ஆலை தீயில் எரிந்துபோனது. எரிந்த இடத்திலேயே மறுபடி எழுந்தது. எட்டில் இன்னொன்று எது தெரியுமா? எச்பி! நம் மேசைக்கடியில் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் பெயருக்குச் சொந்தக்காரர். பெட்டிக்காரரும் ப்ராசசர்காரரும் ஒரே காலத்தில் ஒரே வட்டாரத்துக்குக் குடிவந்தவர்கள்.

அந்த ஆலைகளுக்குள் நுழைந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பத்திலிருந்து மலாய்ப் பெண்கள், பட்டணத்துச் சீனப் பெண்கள், தோட்டத்திலிருந்து தமிழ்ப் பெண்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைத்தார்கள். அப்படி வருடக்கணக்கில் கண்ணை ஒரே இடத்தில் வைத்து உழைத்தவர்களின் கண்ணும் கழுத்தும் எப்படி வலித்திருக்கும்! உலகத்துக் கணினிப் புரட்சியை எழுதுகிறவர்கள் கலிபோர்னியாவில் தொடங்கிக் கலிபோர்னியாவிலேயே முடித்துவிடுகிறார்கள். பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய பெண்களின் பெயரையும் அதில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

நம் எக்ஸ்5675 காலத்தில் தங்கக் கம்பி போய்விட்டது. இன்டெலின் 32 நானோமீட்டர் சிலிக்கன் வட்டத் தகடுகள் அமெரிக்காவில் ஓரிகன், அரிசோனா, நியூ மெக்சிகோ ஆலைகளில் பிறந்தன. பிறகு கடல் தாண்டி, தகட்டைச் சின்னச் சின்னச் சதுரமாக அறுத்து, ஒவ்வொரு சில்லையும் முகம் குப்புறக் கவிழ்த்துப் பச்சை அட்டையில் நுண்ணிய சால்டர் பொட்டு மேல் ஒட்ட வைத்து, இடுக்கில் பசை நிரப்பி, மேலே உலோக மூடியை இண்டியம் உருக்கிப் பற்றவைத்து, சூட்டிலும் மின்சாரத்திலும் வாட்டிச் சோதித்து, தேறியதன் தலையில் லேசரால் பெயர் எழுதுகிறார்கள். மலேசியாவில் பினாங்கும் கெடாவிலுள்ள கூலிமும் இன்டெலின் இரண்டு ஊர்கள். 2021 டிசம்பரில், மலேசியாவில் இன்னும் 3,000 கோடி ரிங்கிட் முதலீடு செய்யப்போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது.

இரண்டாவது ப்ராசசரைப் பார்க்க மறந்தே போனோம்! அதன் மூடியில் கோஸ்டா ரிக்கா. எண் 3ல் தொடங்குகிறது, 2011, இருபத்திரண்டாவது வாரம். நடு அமெரிக்காவில் இன்டெல் நடத்திய அந்தச் சோதனை ஆலையை 2014ல் மூடுவதாக அறிவித்து, வேலையை ஆசியாவுக்கு மாற்றினார்கள். அண்ணனுக்குச் சந்தேகம்: "வேற வேற ஊருல செஞ்சத ஒண்ணா போடலாமா தம்பி?" போடலாம். மாடல் ஒன்று, எஸ்எல்பிஒய்எல் என்ற குறியும் ஒன்று. அந்தக் குறி ஒத்துப்போனால் போதும். உலகத்தின் இரண்டு கோடியில் ஐந்து வார இடைவெளியில் பிறந்த இரண்டு பேர், புக்கிட் செந்தோசாவில் ஒரே போர்டில் பக்கத்துப் பக்கத்தில்! இதைப் பார்த்தும் ஒருவருக்குப் புல்லரிக்கவில்லை என்றால் நான் என்ன சொல்ல!

இனி கத்தி எடுக்கும் நேரம். பயோஸைக் கடைசிப் பதிப்புக்கு முன்பே ஏற்றிவிட்டார். இதைப் பழைய ப்ராசசர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பவர் கேபிளைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கிய பிறகும் ஒருமுறை பவர் பொத்தானை அமுக்கி, உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடியவிட்டார். இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கையிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கினார். கதவு வந்தது. கறுப்புக் காற்றுக்கூண்டை இரண்டு பச்சைப் பிடியில் தூக்கினார்.

தூசி! சாதாரணத் தூசி இல்லை. கல்லாப்பெட்டிக்கு மேலே தினமும் காட்டுகிற சாம்பிராணிப் புகை ஏறி ஏறி, எண்ணெய்ப் பிசுக்கோடு தகடுகளுக்கிடையில் கம்பளியாகப் படிந்திருந்தது. ஓரத்தில் வெள்ளையாகப் பல்லி முட்டை இரண்டு. அண்ணி "ஐயோ, குட்டி இருக்கான்னு பாருங்க" என்று ஓடி வந்தார். வெறும் ஓடுதான். பெட்டியை ஐந்தடிப் பாதைக்குத் தூக்கிப்போய், ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோவர் அடித்தார். அந்தப் புகை மண்டலத்துக்குள்ளிருந்து பெட்டி குளிப்பாட்டிய குழந்தையாகத் திரும்பி வந்தது.

ஹீட் சிங்க்கின் நான்கு திருகையும் ஒரேயடியாகக் கழற்றக்கூடாது. எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பிறகு மெல்ல ஒரு திருப்புத் திருப்பி எடுத்தார். 'ச்சக்' என்று ஒரு சத்தம். அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகப் பொரிந்திருந்தது. ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்கச் செம்பு மினுங்கத் தொடங்கியது. நெம்புகோலை விடுவித்து, சட்டத்தைத் தூக்கி, ஈ5520ஐ ஓரத்தில் பிடித்து நேர்மேலே எடுத்தார்.

இப்போது பாருங்கள், கிட்ட வந்து, ஆனால் மூச்சு விடாமல்! வெறும் சாக்கெட். 1366 ஊசிகள். பழைய கணினிகளில் ஊசி ப்ராசசரின் அடியில் இருக்கும், இங்கே சாக்கெட்டில். ஒவ்வொன்றும் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்து, விளக்கு பட்டதும் அறுவடைக்கு நிற்கும் நெல்லைப் போல ஒரே அலையாகப் பளபளத்தது. இதில் ஒன்று வளைந்தாலும் போச்சு. ஒரு மெமரிக் குழி செத்துப்போகலாம், கணினியே எழாமலும் போகலாம். தம்பி அதன் மேலே கையைக் கொண்டுபோகவே இல்லை. கருவி எதையும் அந்தப் பக்கம் கடத்தவில்லை. துணியைக்கூட வேறு பக்கம் வைத்தார்.

பினாங்குக்காரரைத்தான் முதலில் இறக்கினார், அண்ணனின் ஆசை. மூலையில் சின்னத் தங்க முக்கோணம், விளிம்பில் இரண்டு வெட்டு. அவை சாக்கெட்டின் அடையாளத்தோடு பொருந்த வேண்டும். அழுத்தக் கூடாது, வைக்க வேண்டும், அவ்வளவே. தானாக உட்கார்ந்தது! சட்டத்தை மூடி நெம்புகோலை அமுக்கும்போது 'கர்ர்' என்று ஒரு முனகல் வரும், உடைகிறதோ என்று வயிற்றைக் கலக்கும். அப்படித்தான் வரும் என்றார் தம்பி. மூடி நடுவில் துவரம்பருப்பு அளவு பேஸ்ட். ஹீட் சிங்க். எதிரெதிர் மூலையாகத் திருகு. பிறகு கோஸ்டா ரிக்கா, அதே மரியாதையோடு.

இதே காலத்து ஆப்பிள் மேக் ப்ரோவில் இதைச் செய்கிறவர்களை நினைத்து எனக்குப் பக்தியே வருகிறது. 2009ல் வந்த இரட்டை ப்ராசசர் மேக் ப்ரோவில் சியானுக்கு மேல்மூடியே கிடையாது, மொட்டைச் சில்லு. கடையில் கிடைக்கும் மூடி போட்ட சியானை அப்படியே வைத்தால் ஹீட் சிங்க்கின் உயரம் ஒத்துவராது. ஒன்று மூடியைப் பெயர்க்க வேண்டும், அதுவோ இண்டியத்தால் பற்றவைத்தது. இல்லையென்றால் திருகை எத்தனை சுற்று இறக்குவது என்று எண்ணி எண்ணி இறக்க வேண்டும். 2010 மாடலில் ஆப்பிள் மூடி போட்ட சில்லுக்கே திரும்பியது.

ஒரு ப்ராசசருக்கு மூன்று மெமரிப் பாதை. அதனால் மெமரிக் கட்டைகளை மும்மூன்றாக இரு பக்கமும் சமமாகப் பிரித்து வைத்தார். பயோஸ் பேட்டரியையும் புதிதாக மாற்றினார். காற்றுக்கூண்டு. கதவு. கேபிள். அண்ணன் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

ஃபேன் எல்லாம் ஒருசேர உச்சத்தில் அலறியது. திரை கறுப்பு. இந்த இசட்800 நல்ல நாளிலேயே மெதுவாகத்தான் கண் விழிக்கும் என்று தம்பி முன்கூட்டியே சொல்லியிருந்தார், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்! அண்ணி அண்ணனைப் பார்க்கிறார். அண்ணன் தம்பியைப் பார்க்கிறார். தம்பி மட்டும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், சிவப்பாகச் சிமிட்டவில்லை, பீப் சத்தமும் இல்லை. அலறல் தணிந்தது. எச்பி என்று நீல எழுத்து! நாங்கள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், அவரும் உள்ளே வந்து நின்றுகொண்டார்.

எஃப்10. இரண்டு வரியிலும் எக்ஸ்5675. அதற்குக் கீழே எதிர்பாராத ஒரு சீதனம்: மெமரி வேகம் 1333. பழைய ஈ5520 மெமரியை 1066க்கு மேல் ஓடவிடாது. கட்டைகள் ஆரம்பத்திலிருந்தே 1333க்குத் தகுதியானவைதான், இத்தனை வருடம் கட்டிப்போட்டுக் கிடந்தன. விண்டோஸுக்குள் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். ஒவ்வொரு கோரும் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும், அதனால் முன்பு 16 கட்டம். இப்போது எண்ணுங்கள், நான்கு, எட்டு, பன்னிரண்டு... இருபத்து நான்கு! அண்ணன் முந்தைய வாரக் கல்யாணத்தையே மறுபடி வெளியே எடுக்கப் போட்டார். இருபத்து நான்கு கட்டமும் ஒரே நேரத்தில் உச்சிக்கு ஏறியது. முன்பு இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய வேலை, அண்ணி வைத்த தே தாரிக்கும் வடையும் முடிந்து, அரட்டை முடிவதற்குள், ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிட்டது. கணக்கும் அதையேதான் சொல்கிறது: எட்டு கோரை 2.26ஆல் பெருக்கினால் 18, பன்னிரண்டை 3.06ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 37. சூடு? வேலை நடுவிலும் கவலைப்பட வேண்டிய இடத்துக்கு ஏறவே இல்லை.

இதனால் இது எல்லாவற்றையும் செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன், தம்பியும் சொல்லவில்லை. ஏவிஎக்ஸ் என்கிற கட்டளைத் தொகுதி இன்டெலில் 2011ல் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையோடுதான் வந்தது, வெஸ்ட்மியரில் இல்லை. அதைக் கட்டாயம் கேட்கிற புதிய மென்பொருள்கள் இதில் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 14 அக்டோபர் 2025ல் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கிற ப்ராசசர் பட்டியலில் இந்தத் தலைமுறை கிடையாது. அதனால் இந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து, வெட்டி ஒட்டுகிற வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கு, வாடிக்கையாளர் மின்னஞ்சல் எல்லாம் வேறு மடிக்கணினியில். மின்சாரமும் கூடத்தான் குடிக்கும். வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். காட்சியில் நிறம் சேர்ப்பது, பெயரைப் பறக்கவிடுவது போன்றவற்றுக்கு ப்ராசசரைவிட கிராஃபிக்ஸ் கார்டுதான் முக்கியம். அது அடுத்த பாகம், அண்ணன் இப்போதே விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

கழற்றிய ஈ5520 ஜோடியை நான் விடவில்லை, விளக்கடியில் கொண்டுபோய்ப் படித்தேன். இரண்டுமே மலாய்! 2009ல் பினாங்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டு எங்கெங்கோ சுற்றி வந்தவை. தம்பி அவற்றைத் துடைத்து, புதியவை வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே வைத்து மூடினார். பத்தாங் காலியில் ஓர் அச்சகத்தில் எச்பி இசட்600 ஒன்று ஒரே ஒரு ஈ5520ஐ வைத்துக்கொண்டு ஓடுகிறதாம், இரண்டாவது சாக்கெட் வாங்கிய நாளிலிருந்தே காலி. ப்ராசசர் கிடைத்துவிட்டது, அதற்கேற்ற ஹீட் சிங்க் ஒன்று வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்ததும் எனக்குச் செய்தி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த அச்சகத்தின் பின்கதவையும் உங்களுக்குத் திறந்து காட்டுகிறேன்!